முள்ளங்கிப் பாலன்

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். கரும்பலகையில் முள்ளங்கியை எத்தனை தரம் வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. வேரில் உணவைச் சேமிக்கும் செடிக்கு உதாரணம் சொல் என்றால் கேரட், பீட்ரூட், முள்ளங்கி என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்த முள்ளங்கியில் பாலன் இயேசுவைச் செதுக்கிக் கிடத்தியிருந்ததை மெக்சிகோவின் வஹாக்கா நகரத்தில் ஒரு டிசம்பர் 23ஆம் தேதி பார்த்தேன்.

கட்டைவிரல் நீளம்தான் இருக்கும் அந்தப் பாலன். சிவப்புத் தோலைச் சீவி எடுத்ததால் உடம்பு முழுக்க வெள்ளை. இடுப்பில் மட்டும் ஒரு கீற்றுத் தோலை விட்டுவைத்துத் துணியாக்கியிருந்தார்கள். படுக்கையில் வைக்கோலுக்குப் பதில் முள்ளங்கியின் சல்லிவேர்கள். பக்கத்தில் மூன்று அரசர்கள். அவர்களுடைய தாடியும் சல்லிவேர்தான். ஒட்டவைத்த தாடி இல்லை, அந்தக் கிழங்கிலேயே அந்த இடத்தில் வேர் இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு அம்மாள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், இஸ்திரி போடும்போது தெளிப்போமே அந்த மாதிரிக் குப்பியால், எல்லார் மேலும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கிண்ணத்துத் தண்ணீரில் உதிரிக் கைகளையும் கால்களையும் ஊறப் போட்டுவைத்திருந்தாள். ஏதாவது வாடிவிட்டால் மாற்றுவதற்கு.

என் மகள் மெக்சிகோ நகரத்தில் ஆராய்ச்சி படிக்கிறாள். அவளோடு பஸ்ஸில் வஹாக்கா வந்து சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அங்கே டிசம்பர் மாதம் முழுக்கத் திருவிழாதான். 8ஆம் தேதி ஹுக்கீலா மாதா, 12ஆம் தேதி குவாதலூப்பே மாதா, 18ஆம் தேதி நகரத்தின் பாதுகாவலியான சொலெதாத் மாதா, அதாவது தனிமையின் அன்னை. 16ஆம் தேதி தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை ஒன்பது இரவு போசாதா: சூசையப்பரும் மாதாவும் தங்க இடம் கேட்டு வீடு வீடாகப் போனதை ஊரே நடித்துப் பாடும். இத்தனைக்கும் நடுவில் 23ஆம் தேதி முள்ளங்கி இரவு.

இதன் தொடக்கம் சந்தையில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சுத்தபோசனம். கறி கிடையாது, உப்புக் கருவாடும் காய்கறியும் வாங்க 23ஆம் தேதி ஊர் மைதானத்தில் சந்தை கூடும். வாங்க வருகிறவர்களின் கண்ணை இழுக்க விவசாயிகள் முள்ளங்கியைச் செதுக்கிக் கடையின் முன்னால் வைத்தார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இந்தக் காய்களைப் பயிரிடச் சொல்லிக்கொடுத்ததே துறவிகள்தான் என்று ஊரில் சொல்கிறார்கள். முள்ளங்கி ஸ்பானியர் கொண்டுவந்த பயிர், ஆகவே அதை நம்பலாம். 1897இல் நகரத் தலைவராக இருந்த பிரான்சிஸ்கோ வாஸ்கொன்செலோஸ் இதைப் போட்டியாக ஆக்கினார். அன்று முதல் அந்தத் தேதி முள்ளங்கிக்கு என்று ஆகிவிட்டது.

இப்போது போட்டிக்குரிய முள்ளங்கியை நகராட்சியே பொது நிலத்தில் பயிரிட்டுப் பங்கேற்பவர்களுக்குக் கொடுக்கிறது. வழக்கமாகப் பிடுங்கும் பருவத்தில் பிடுங்காமல் மண்ணிலேயே விட்டுவைக்கிறார்கள். அரை மீட்டர் நீளம், 3 கிலோ எடை வரைக்கும் போகிறது. முறுக்கிக்கொண்டு, கிளை பிரிந்து, மனிதக் கால் மாதிரியும் பாம்பு மாதிரியும் வளர்கிறது. உரமும் மருந்தும் அவ்வளவு போடுவதால் சாப்பிட முடியாது. முள்ளங்கி பூப்பதற்காகச் சேர்த்துவைக்கும் சொத்துதான் அந்தக் கிழங்கு. அது செலவாகித்தான் தண்டு மேலே போகும், நான்கு இதழ் விரியும். நான்கு இதழும் சிலுவை மாதிரி நிற்பதால் இந்தச் செடிக் குடும்பத்துக்கே சிலுவை சுமப்பவை என்றுதான் பழைய லத்தீன் பெயர். இங்கே பூவுக்கு முன்பே பிடுங்கிவிடுகிறார்கள். செடிக்கும் உதவாது, வயிற்றுக்கும் உதவாது. ஒரு நாள் பார்ப்பதற்கு மட்டும்.

ஊர் மைதானத்தில் இவற்றைப் பார்க்க வரிசையில் நின்றபோது என்னைக் குடைந்த கேள்வி பழையது. சாமிக்கு என்று கொடுத்து மறுநாள் குப்பையில் போடுவது வீண் இல்லையா?

இதை நான் ஒரு தரம் வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். எங்கள் பங்கில் மாதா சப்பரத்துக்குப் பூ ஜோடிப்பவர் ஒருவர் இருந்தார். கொத்தனார் வேலை பார்த்தவர். திருவிழாவுக்கு முந்தின ராத்திரி கண் விழித்துக் கட்டுவார். ஒரு பைசா கூலி வாங்கமாட்டார். பங்குப் பேரவைக் கூட்டத்தில் நான் எழுந்து, ஒரு ராத்திரி சுற்றி வருவதற்கு இவ்வளவு பூ, காலையில் அது குப்பை, அந்தப் பணத்தில் நாலு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டலாமே என்றேன். கைதட்டினார்கள். அடுத்த வருஷம் பிளாஸ்டிக் பூ வாங்கினார்கள். அது இன்னும் பீரோவுக்கு மேலே மூட்டையாக இருக்கிறது. அவர் அதற்குப் பிறகு சப்பரத்தின் பக்கம் வரவே இல்லை. எந்தப் பிள்ளைக்கும் கட்டணம் கட்டியதாகவும் எனக்கு நினைவில்லை.

என் கேள்வி நற்செய்தியில் ஏற்கெனவே இருக்கிறது. பெத்தானியாவில் விருந்து நடக்கும்போது லாசரின் சகோதரி மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் காலில் ஊற்றுகிறாள். வீடு முழுக்க வாசனை. 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் கேட்கிறான். யோவான் இதை யூதாஸின் வாயில் வைத்துவிட்டதால் நாம் சுலபமாகத் தப்பித்துவிடுகிறோம், கேட்டவன் துரோகி என்று. மத்தேயுவைப் பாருங்கள். அங்கே இப்படிக் கேட்பது சீடர்கள், நல்லவர்கள். ஆகவே இது நல்ல மனசுக்கும் வருகிற கேள்வி. வஹாக்காவில் அதற்குக் கூடுதல் கனம் உண்டு, அதே பெயருள்ள அந்த மாநிலம் மெக்சிகோவின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று.

வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள், விடுதி நிரம்புகிறது, போட்டியில் பரிசுப் பணம் கிடைக்கிறது. உண்மைதான். ஆனால் அது பதில் ஆகாது. லாபம் வருகிறது என்பதால்தான் காணிக்கை சரி என்றால் அது காணிக்கையே இல்லை, முதலீடு.

இன்னொரு பதில் ஒக்தாவியோ பாஸ் சொன்னது. 1962 முதல் 1968 வரை டில்லியில் மெக்சிகோவின் தூதராக இருந்த கவிஞர். மெக்சிகோக்காரரின் தனிமையைப் பற்றி 1950இல் அவர் எழுதிய புத்தகத்தில், வஹாக்கா மாநிலத்து மித்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஊர்த் தலைவரோடு பேசியதைச் சொல்கிறார். ஊருக்கு வருஷ வரும்படி சுமார் 3,000 பெசோ, ஏழை ஊர். அதை எதில் செலவழிக்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் திருவிழாவுக்குத்தான், எங்களுக்கு இரண்டு பாதுகாவலர்கள் இருக்கிறார்களே என்கிறார் அந்தத் தலைவர். இப்படி வாரி இறைப்பது வளத்தை வரவழைக்கும் வழி, இருப்பதைக் கொட்டிக் காட்டினால் இன்னும் வரும் என்ற பழைய நம்பிக்கை என்று பாஸ் விளக்குகிறார். பெரிய மனிதர், ஆழமாகப் பார்த்தவர். ஆனால் இந்த விளக்கமும் கடைசியில் கொடுக்கல் வாங்கலுக்குள்தான் வந்து நிற்கிறது.

கொடுக்கல் வாங்கலை வஹாக்காக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அங்கே பூர்வகுடிகளான ஸபோதெக் ஜனங்களிடம் கெலகெட்சா என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் சோளம், கோழி, கோகோ, மதுபானம் என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவருவார்கள். யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். நம் மொய் நோட்டேதான். ஊர்ப் பொதுவேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் கூலியில்லாமல் போய் உழைப்பது தெக்கியோ. இரண்டும் கணக்குள்ள அன்பு. அந்தக் கணக்கு இருப்பதால்தான் ஏழை ஊர்கள் நிமிர்ந்து நிற்கின்றன என்று நினைக்கிறேன், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இரவுக்குள் வாடப்போகிற முள்ளங்கியை எந்த நோட்டில் எழுதுவது?

அழியாததையும் அந்த ஊர் கடவுளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறது. மைதானத்திலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் சாந்தோ தொமிங்கோ கோயில். தொமினிக் சபைத் துறவிகள் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டியது. உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே வளைகூரையில் புனித தொமினிக் பிறந்த குஸ்மான் குடும்பத்தின் வம்ச மரம்: சுதையில் கொடி ஓடுகிறது, இலைகளுக்கு நடுவே ஆட்கள், எல்லாம் பொன் பூச்சு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். இதைச் செய்தவர்கள் உலகம் முடியும் வரை இருக்கும் என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன, திருச்சபையின் சொத்து அரசாங்கத்துக்குப் போனது. பட்டாளம் உள்ளே வந்தது. குதிரை கட்டினார்கள். அந்த வம்ச மரமே சேதமாகிப் பிறகு செப்பனிட்டதுதான். கோயில் 20ஆம் நூற்றாண்டில் வழிபாட்டுக்குத் திரும்பியது. பக்கத்து மடத்தை விட்டுப் பட்டாளம் வெளியேறியது 1990களில். அந்த இடம் வணிகர் கைக்குப் போகாமல் காக்க ஓவியர் பிரான்சிஸ்கோ தொலேதோ முன்னின்று போராடினார். இன்று அங்கே மாநிலத்துச் செடிகொடிகளுக்கான தோட்டம் இருக்கிறது. கள்ளிகளை வரிசையாகக் கண்டு அரை நாள் அங்கேயே இருந்துவிட்டேன். மகள்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

பொன் பூசியதில் தப்பு இல்லை. அதைப் பார்த்து நானும் முழந்தாளிட்டேன். ஆனால் அழியாத காணிக்கைக்கு எப்போதும் ஒரு உடைமைக்காரன் வந்துவிடுகிறான்: முதலில் துறவி, பிறகு சர்க்கார், பிறகு சிப்பாய். முள்ளங்கிப் பாலனை யாரும் கைப்பற்ற முடியாது. நாளை பீரோவில் பூட்டவோ, ஏலம் விடவோ, என் தாத்தா கொடுத்தது என்று கல்வெட்டு வைக்கவோ முடியாது.

இது மட்டும்தான் என்றால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். அந்தப் போட்டியிலேயே இன்னொரு பிரிவு உண்டு. அதற்குப் பெயர் இம்மார்த்தால் பூ, அழியாத பூ. காய்ந்த பிறகும் நிறம் போகாத, காகிதம் மாதிரி இருக்கும் ஒரு பூ வகை. அதை ஒட்டி ஒட்டி உருவங்கள் செய்கிறார்கள். சோளக்கதிரின் காய்ந்த மடலில் செய்வதற்கும் தனிப் பிரிவு. அவையும் அழகுதான், மாதக் கணக்கில் இருக்கும். கூட்டம் நெரிந்தது முள்ளங்கிக்குத்தான். வாடப்போகிறது என்பதால் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அந்த அம்மாள் பாலனின் கையை மாற்றியபோதுதான் எனக்கு வேறு ஒன்று புரிந்தது.

ஐந்தரை மணி இருக்கும். பாலனின் இடது கை சுருங்கி, ஓரம் பழுப்பேறிவிட்டது. நீர் வற்றினால் செல் சுருங்கும், வெட்டுவாய் காற்றுப்பட்டுக் கறுக்கும், பாடமாக நடத்தியதுதான். அவர் பல்குத்தும் குச்சி முனையால் அந்தக் கையைக் கழற்றினார். சிறுமி கிண்ணத்திலிருந்து புதுக் கையை எடுத்து நீட்டினாள். அவர் அதைப் பொருத்திவிட்டு, பாலனைத் தன் உள்ளங்கையில் ஒரு நொடி ஏந்திப் பார்த்து, மறுபடி கிடத்தித் தண்ணீர் தெளித்தார். பிள்ளையின் காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கும் தாயின் முகம் அது.

என் அம்மா இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டேன். சிக்கெடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பின்னல் எதற்கு என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. சாகப்போகிற உடம்பின் மேல் காட்டுகிற கவனம் எல்லாமே அப்படிப் பார்த்தால் வீண்தான். பெத்தானியாவில் மரியா ஊற்றியதும் அப்படிப்பட்ட உடம்பின் மேல்தான். பாஸ்காவுக்கு இன்னும் ஆறே நாள். அவள் என் அடக்கத்துக்காகச் செய்கிறாள் என்று இயேசுவே அதைச் சாவோடு சேர்த்துச் சொல்கிறார்.

கடவுள் உடம்பெடுத்தார் என்று நாங்கள் கிறிஸ்துமஸுக்கு விசுவாசிக்கிறோம். பசிக்கிற, வியர்க்கிற, வாடுகிற, முப்பத்துச் சொச்சம் வயதில் கொல்லப்படப்போகிற உடம்பு. அதை மரத்திலும் பளிங்கிலும் பிளாஸ்டர் மாவிலும் செய்து வைத்தால் அந்த ஒரு விஷயம் மட்டும் அதில் வருவதில்லை. முள்ளங்கியில் வருகிறது. முள்ளங்கிப் பாலனுக்குத் தண்ணீர் தேவை. யாராவது பக்கத்தில் இருந்துகொண்டே இருக்க வேண்டும், விட்டால் போய்விடுவான். கடவுளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பதுதான் பெத்லகேமில் நடந்தது. அதை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. அந்த அம்மாளின் தெளிப்புக் குப்பியைப் பார்த்து உறைத்தது.

ஏழைகளைப் பற்றிய கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை. தீர்ந்துவிட்டது என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள் என்ற இயேசுவின் பதிலை வைத்து ஏழையைக் கழற்றிவிட்டவர்கள் நிறைய. ஆனால் வாடும் கையை மாற்றப் பழகின விரல் ஏழையின் கையையும் தொடும் என்று எனக்குத் தோன்றுகிறது. பிளாஸ்டிக் பூ வாங்கின பிறகு நாங்கள் யாரையும் தொடவில்லை, அதற்கு நான் சாட்சி.

“நாளைக்கு இதையெல்லாம் என்ன செய்வாங்கன்னு கேளேன்” என்றேன் மகளிடம்.

“அம்மா, அப்படியே கேட்கவா? கஷ்டப்படுவாங்க” என்றாள். ஆனாலும் கேட்டாள்.

அந்த அம்மாள் கஷ்டப்படவில்லை. தாங்கள் பூ விவசாயிகள் என்றார்; 24ஆம் தேதி பூ நன்றாக விற்கும், விடிவதற்குள் சந்தையில் இருக்க வேண்டும், இந்தப் பலகையை இரவே காலி செய்துவிடுவோம் என்றார். பிறகு, வரிசையை மறிக்காமல் நகருங்கள் சென்யோரா, பின்னால் குழந்தைகள் நிற்கிறார்கள் என்றார். நகர்ந்தோம்.

இரவு கதீட்ரலின் பக்கத்தில் புன்யுவேலோ சாப்பிட்டோம். அப்பளம்போல் மெல்லிசாகத் தட்டி எண்ணெயில் பொரித்து, பாகு ஊற்றி, மண் தட்டில் தருகிறார்கள். சாப்பிட்டு முடித்தவுடன் ஒரு வேண்டுதலை நினைத்துக்கொண்டு தட்டைத் தரையில் எறிந்து உடைக்க வேண்டும். பழைய மெக்சிகோவின் மெஷிக்காக்கள், அதாவது அஸ்தெக்குகள், 52 வருஷத்துக்கு ஒருமுறை காலச்சுற்று முடியும்போது வீட்டுப் பாத்திரங்களை உடைத்து, அடுப்பை அவித்து, இருட்டில் காத்திருந்து புது நெருப்பு ஏற்றுவார்கள். கடைசியாக அது நடந்தது 1507இல். அந்த வழக்கத்தின் மிச்சம்தான் இது என்று ஊரில் சொல்கிறார்கள். என் தட்டு முதல் எறியில் உடையவில்லை. பொறுக்கி மறுபடி எறிந்தேன். வேண்டிக்கொண்டது அந்தக் கொத்தனாருக்காக.

திரும்பி மைதானத்தைக் கடந்து வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. பரிசு கொடுத்து முடித்திருந்தார்கள். மூன்று அரசர்களின் தாடி சுருண்டு கன்னத்தோடு ஒட்டிவிட்டது. அவர்களுடைய ஒட்டகத்தின் கழுத்து தொய்ந்திருந்தது. பாலன் மட்டும் பளபளவென்று ஈரமாக இருந்தான். சிறுமி நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள், குப்பி மடியில். மறுநாள் இரவு அந்த மைதானத்தைச் சுற்றிப் பங்குப் பங்காக வாத்தியமும் விளக்குமாகத் தங்கள் கோயில் பாலனை ஏந்திக்கொண்டு வந்து, நடுச்சாமத் திருப்பலிக்குத் திரும்பிப் போனார்கள்.

டிசம்பரில் வஹாக்கா போக வாய்ப்புக் கிடைத்தால் 23ஆம் தேதி மதியத்துக்குள் வரிசையில் நின்றுவிடுங்கள். சாயங்காலம் கூட்டம் தாங்காது, இருட்டுவதற்குள் முள்ளங்கியும் வாடத் தொடங்கிவிடும்.